யானையை ஒளித்தது யார்?

அத்தியாயம் 5

“யானையைக் காணோம்” என்றது போனில் ஒரு பெண் குரல். கூடவே மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“எந்தக் காட்டிலேர்ந்து பேசறீங்க?” என்று கேட்டார் விசில்.

கேட்டிருக்கக் கூடாது. அந்தப் பக்கம் விசும்பல் அழுகையாக மாறியது. எதிரில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்த மருமகள் தலையை நிமிர்த்தாமலே கையை நீட்டினாள். விசில் போனைக் கொடுத்துவிட்டு நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டார்.

விசில் என்பது பட்டப்பெயர். முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவருக்கு வேறென்ன பட்டம் கிடைக்கும்? ரிடையரான மறுவாரமே, வீட்டில் சும்மா உட்கார்ந்தால் முழங்கால் வலிக்கிறது என்று காரணம் சொல்லி, மருமகளின் துப்பறியும் ஆபீஸில் தன்னைத்தானே உதவியாளராக நியமித்துக்கொண்டார். ஆபீஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, வீட்டின் முன்னறைதான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எட்டு வருஷம் பொய் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்த மருமகள், அந்த வேலையை விட்டுவிட்டுத் தனிக்கடை போட்டிருந்தாள். மாமனாரை வேலையை விட்டு நீக்க எந்தச் சட்டத்திலும் வழி இல்லாததால் பொறுத்துக்கொண்டாள்.

“ரெண்டு மணிக்கு வர்றோம்” என்று சொல்லிப் போனை வைத்தாள். “மாமா, சட்டையை மாத்துங்க. இன்னிக்கு நாம விளையாடப் போறோம்.”

“யானையோடவா?”

“யானை இல்லாம.”

*

மூன்றாவது மாடி. கதவைத் திறந்த பெண்ணின் விரல்களில் ஐந்து நிறப் பெயின்ட் இருந்தது. கண்கள் ஆறாவது நிறத்தில் சிவந்திருந்தன. படம் வரைவதுதான் அவள் பிழைப்பு. பாடப் புத்தகங்களுக்கு வரைவாள், மருந்து டப்பாவுக்கு வரைவாள். நண்பர்கள் அவளைச் சித்திரம் என்றே கூப்பிடுவார்கள்.

“ஒரு ஆட்டம் கண்டுபிடிச்சிருக்கேன்” என்று சித்திரம் ஒரு மரப்பெட்டியை மேஜைமேல் வைத்தாள். “மூணு வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நாங்க நாலு பேர் இதைத்தான் விளையாடறோம்.”

பெட்டிக்குள் சீட்டு சீட்டாகப் படங்கள். எல்லாம் கையால் வரைந்தவை. குளியல் தொட்டியில் தூங்கும் திமிங்கிலம். சிங்கத்துக்குத் தலை வாரிவிடும் நாவிதர். கண்ணைக் கட்டிக்கொண்ட கடிகாரம். விசில் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா, நீ என்ன சாப்பிடறே?” என்று கேட்டார்.

ஆட்டம் எளிது. ஆளுக்கு ஐந்து படம். முறை வந்தவர் தன் படம் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்த வார்த்தைக்குப் பொருந்துகிற மாதிரி தங்கள் கையிலிருந்து ஒரு படம் போடுவார்கள். எல்லாவற்றையும் கலைத்துத் திறந்து வைப்பார்கள். சொன்னவர் படம் எது என்று ஊகிக்க வேண்டும். எல்லோரும் கண்டுபிடித்துவிட்டால் சொன்னவருக்கு முட்டை. ஒருவருமே கண்டுபிடிக்காவிட்டாலும் முட்டைதான். சிலர் பிடிக்கவும் சிலர் கோட்டை விடவும் வேண்டும். பலகையில் நாற்பது கட்டம்; முதலில் நாற்பதை எட்டுகிறவர் ஜெயித்தவர். கோட்டுப் பொத்தான்கள்தான் காய்கள்.

“சரி, காணாமப்போனது எது?” என்று கேட்டாள் மருமகள்.

“எண்பதாவது படம்.” சித்திரம் அதற்காகப் பென்சிலில் போட்டிருந்த முன்வரைவு ஒன்றை நீட்டினாள். ஒரு பெரிய யானை. அதன் முன்னால் விரல் தடிமனில் ஒரு செடி. அந்தச் செடிக்குப் பின்னால் தன்னை யாருக்கும் தெரியாது என்கிற நம்பிக்கையில் யானை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

விசில் சிரித்துவிட்டார். மருமகள் சிரிக்கவில்லை. அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இதை யார் யார் பாத்திருக்காங்க?”

“நான் யாருக்குமே காட்டலை. முடிச்சு, போன ஞாயித்துக்கிழமைதான் பெட்டில போட்டேன். யார் கைக்காவது வரும்போது பாத்து அலறட்டும்னு இருந்தேன். அன்னிக்கு எங்க அண்ணிக்கு டூட்டி, பாதி ஆட்டத்துல கிளம்பிட்டாங்க. யானை யார் கைக்கும் வரலை. இன்னிக்குக் காலைல எண்ணிப் பாத்தா எழுபத்தொன்பதுதான் இருக்கு.” அவள் குரல் உடைந்தது. “நாளைக்குப் பத்து மணிக்கு விளையாட்டுச் சாமான் செய்யற கம்பெனிக்குப் போகணும். எண்பது படமும் அசலா வேணும்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. ஒரு படம் வரைய எனக்குப் பதினோரு நாள் ஆகும். இப்ப என்ன பண்ணுவேன்?”

“பெட்டி இந்த வாரம் யார்கிட்ட இருந்துச்சு?”

“எங்க வழக்கம் ஒண்ணு இருக்கு. தோத்தவங்க பெட்டியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், ஒவ்வொரு படத்தையும் துணியால துடைச்சு, எண்ணி, நோட்டுல எழுதி வெள்ளிக்கிழமை திருப்பித் தரணும். போன வாரம் தோத்தது லிஃப்ட்.”

லிஃப்ட் என்பவர் லிஃப்ட் மெக்கானிக். டாக்டர் என்பவள் பல் டாக்டர். அண்ணி என்பவள் சித்திரத்தின் அண்ணன் மனைவி, ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிப்பவள். இந்த மூன்று பேர்தான் சித்திரத்துக்கு உலகம்.

“இவங்கள்ல ஒருத்தர் எனக்கு இப்படிப் பண்ணியிருக்காங்க. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள யாருன்னு தெரியணும். தெரியலைன்னா மூணு பேரையும் இனிமே இந்தக் கதவுக்குள்ள விடமாட்டேன். யாரைப் பாத்தாலும் இவங்களா இருக்குமோன்னு தோணுற வீட்டுல என்னால விளையாட முடியாது.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவங்களை விட்டா எனக்கு யாருமில்லைங்க.”

விசில் தன் கைக்குட்டையை நீட்டினார். மருமகள் மட்டும் பெட்டியின் மூலையிலிருந்த தடித்த நோட்டை எடுத்தாள். “இது என்ன?”

“செத்த வார்த்தை நோட்டு. ஒரு தடவை சொன்ன வார்த்தையை மறுபடி யாரும் சொல்லக் கூடாது. சொன்னா செத்துது. யாராவது மறந்து செத்த வார்த்தையைச் சொல்லிட்டா, முதல்ல பிடிக்கிறவங்களுக்கு ஒரு கட்டம் இனாம்.”

“அவங்க வர எவ்வளவு நேரம் இருக்கு?”

“முக்கால் மணி.”

மருமகள் நோட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். முதல் பக்கத்து விதிகளிலிருந்து கடைசிப் பக்கம் வரை விரல் வைத்துப் படித்தாள். விசில் எட்டிப் பார்த்தார். பக்கம் பக்கமாக வார்த்தைகள்; நடுநடுவே வாராந்திர எண்ணிக்கையும் கையெழுத்தும்.

“துப்பு ஏதாவது மாட்டுச்சா அம்மாடி?”

“ரெண்டு. ஒண்ணை இப்ப சொல்றேன். லிஃப்ட் மூணு வருஷத்துல நாப்பத்தாறு தடவை தோத்திருக்கார்.”

“அடப் பாவமே. அதுவா துப்பு?”

*

மூன்று மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். “எதிர் வீட்டுக்காரங்க, ஆட்டம் கத்துக்க வந்திருக்காங்க” என்று சித்திரம் அறிமுகம் செய்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், காது சிவந்தது. நல்லவேளை, அவர்களும் அவளை நேராகப் பார்க்கவில்லை.

லிஃப்ட் ஒல்லியான மனிதர். நாற்காலியை இரண்டு முறை ஆட்டிப் பார்த்த பிறகே உட்கார்ந்தார். அண்ணி “அனைவரும் அமரவும்” என்று சொன்னதும் விசிலின் கால்கள் தானாக மடங்கின. அந்தக் குரலுக்கு அப்படி ஒரு அதிகாரம். டாக்டர் வந்ததும் வராததுமாகப் பலகையில் தன் சிவப்புப் பொத்தானை வைத்து, “இன்னிக்கு நான் விடறதா இல்லை” என்றாள். பல்லைப் பிடுங்குகிறவளுக்கு வெற்றியைப் பிடுங்குவதா கஷ்டம்.

அண்ணி முதலில் ஆரம்பித்தாள். “மன்னிப்பு.”

ஆறு படங்கள் திறந்தன. அதில் ஒன்றில் ஒரு கெட்டில் கோப்பையின் முன் குனிந்து நின்றது. விசில் அதன்மேல் விரல் வைத்தார். “காலில் விழுது பாருங்க. இதான்.”

“இல்லவே இல்லை” என்றாள் டாக்டர். “கண்ணைக் கட்டின கடிகாரம். அண்ணி நாள் பூரா ரயில் லேட்டுக்கு மன்னிப்புக் கேக்கறவங்க.”

கடிகாரம்தான். விசில் அசந்துபோனார். இவர்கள் படத்தைப் பார்த்து விளையாடவில்லை, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்து விளையாடுகிறார்கள். மூன்று வருஷம் ஒரே ரூட்டில் ஏறும் பயணிகள் மாதிரி, யார் எந்த ஸ்டாப்பில் இறங்குவார்கள் என்று எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருந்தது.

விசில் தன் முறையில் “இறங்கு” என்று சொல்லிப் படிக்கட்டுப் படம் ஒன்றைப் போட்டார். ஐந்து பேரும் ஒரே நொடியில் அதில் விரல் வைத்தார்கள். முட்டை.

“படிக்கட்டைப் போட்டுட்டு இறங்குன்னா? மாமா, இது டிக்கெட் கொடுக்கற இடமில்லை” என்றாள் மருமகள்.

“நீ என்ன கிழிக்கறேன்னு பாக்கலாம்.”

மருமகள் ஒன்றும் கிழிக்கவில்லை. அவள் முறை வந்தபோது “தலைமறைவு” என்றாள். போட்ட படமோ நாவிதரிடம் தலை காட்டும் சிங்கம். ஒருவரும் பிடிக்கவில்லை. முட்டை. அடுத்த சுற்றில் “கூச்சம்” என்று சொல்லித் திமிங்கிலத்தைப் போட்டாள். அதுவும் முட்டை. லிஃப்ட்டே இரக்கப்பட்டு, “முதல் நாள் இப்படித்தான் இருக்கும்” என்று ஆறுதல் சொன்னார். நாற்பத்தாறு தடவை தோற்றவரின் ஆறுதல்.

விசிலுக்கு அவமானமாகப் போயிற்று. டீ போடும் சாக்கில் மருமகளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

“என்ன அம்மாடி, மானம் போகுது. சரி, அதை விடு. நான் கண்டுபிடிச்சுட்டேன். அண்ணிதான்.”

“எப்படி?”

“அண்ணி, நாத்தனார். வேற என்ன காரணம் வேணும்? நாத்தனார் பேர் வாங்கப் போறான்னு வயித்தெரிச்சல்.”

“மாமா, நீங்க சீரியல் பாக்கறதைக் குறைக்கணும். அண்ணிதான் நோட்டுல ஒவ்வொரு வார்த்தையையும் மூணு வருஷமா மணி மணியா எழுதிட்டு வர்றாங்க. வயித்தெரிச்சல் உள்ளவங்களுக்கு அந்தப் பொறுமை வராது.”

“அப்ப லிஃப்ட். பெட்டி அவன்கிட்டதானே இருந்துச்சு?”

“அவர் கைலேர்ந்துதான் போயிருக்கு. அவர் எடுக்கலை.”

“அதெப்படி?”

“தோத்த ஒவ்வொரு வாரமும் எண்ணிக்கை எழுதி, பக்கத்துல ‘சரிபார்த்தேன்’னு எழுதுவார். தொழில் பழக்கம். நாப்பத்தஞ்சு தடவையும் அது இருக்கு. இந்த வாரம் வெறும் எண்பதுன்னு மட்டும் இருக்கு. ‘சரிபார்த்தேன்’ இல்லை. நாக்கு பொய் சொல்லிடும் மாமா, ஆனா அந்தக் கை அந்த ஒரு வார்த்தையைப் பொய்யா எழுதாது. தனக்காகத் திருடினவருக்கு அவ்வளவு கூச்சம் இருக்காது. யாரையோ காப்பாத்தறார்.”

விசில் டீயில் சர்க்கரையை இரண்டு முறை போட்டார். “யாரை?”

“அதுக்குத்தான் மோசமா விளையாடிட்டிருக்கேன். டாக்டர் பொத்தான் எந்தக் கட்டத்துல இருக்கு?”

“முப்பத்தெட்டு.”

“முப்பத்தொன்பது ஆகட்டும். அதுவரைக்கும் நீங்க வாயைத் திறக்காதீங்க.”

“அது மட்டும் கஷ்டம்” என்றார் விசில், மனப்பூர்வமாக.

*

டாக்டர் அடுத்த முறையே ஒரு கட்டம் நகர்ந்தாள். முப்பத்தொன்பது. இன்னும் ஒரே கட்டம். நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். பக்கத்தில் பச்சைப் பொத்தான் முப்பத்தேழில் நெருக்கிக்கொண்டிருந்தது, அது அண்ணியுடையது.

மருமகளின் முறை. கையிலிருந்த படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றைக் கவிழ்த்து வைத்தாள்.

“நான்” என்றாள்.

“செத்துது!” டாக்டரின் கை மின்னலாகப் பொத்தானுக்குப் போனது. “செத்த வார்த்தை! எனக்கு ஒரு கட்டம்! நாப்பது! ஜெயிச்சுட்டேன்!”

லிஃப்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைப் புரட்டினாள். “நகம், நண்டு, நாக்கு, நாடகம், நாற்காலி...” ‘ந’வில் தொடங்குபவற்றை மட்டும் அறிவிப்புக் குரலில் மெதுவாக வாசித்தாள். கடைசி வரை போய் மறுபடி முதலிலிருந்து வந்தாள். “நான் என்கிற வார்த்தை பதிவாகவில்லை. மூணு வருஷத்துல யாரும் சொன்னதே இல்லை.”

டாக்டரின் கை பொத்தான் மேலேயே நின்றுவிட்டது. முகத்திலிருந்த சிரிப்பு இறங்கவும் தெரியாமல் இருக்கவும் தெரியாமல் திண்டாடியது.

“எனக்கு... ஏதோ ஞாபகம்...”

இதற்குமேல் விசிலால் முடியவில்லை. எழுந்து நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து, முப்பத்தோரு வருஷ அனுபவத்தை ஒரே ஊதலில் காட்டினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“டாக்டர், ஸ்டாப் வந்துடுச்சு, இறங்குங்க! யானை எங்கே?”

சித்திரம் வெளுத்துப்போனாள். “நீயா?” என்றாள் டாக்டரிடம். அந்த ஒரு வார்த்தையில் பத்து வருஷப் பழக்கம் ஆட்டம் கண்டது. “நீயாடி எடுத்தே?”

டாக்டர் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, உக்காருங்க” என்றாள் மருமகள். “யாரும் திருடலை.”

விசில் உட்கார்ந்தார். ஜெயித்த கேஸ் கையைவிட்டு நழுவுவது அவருக்குப் பிடிக்கவில்லை. “அப்ப எதுக்கு இவ்வளவு நேரம் விளையாடினோம்?”

“அந்த யானையைப் பாத்ததும் எனக்கு அஞ்சாறு வார்த்தை தோணுச்சு. பயம், ஒளிவு, வெட்கம் எல்லாம் நோட்டுல ஏற்கெனவே செத்திருந்துது. தலைமறைவு, கூச்சம், நான், இந்த மூணுதான் உயிரோட பாக்கி. யாராவது அந்தப் படத்தை வெச்சு எங்கேயாவது விளையாடியிருந்தா, இதுல ஒண்ணை யாராவது சொல்லியிருப்பாங்க. சொல்லியிருந்தா, கேட்டவங்களுக்கு அது செத்த வார்த்தை. அதான் ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தேன். ஜெயிக்க ஒரு கட்டம் பாக்கி இருக்கும்போது டாக்டரால வாயைக் கட்டி வெக்க முடியாதுன்னும் தெரியும்.” டாக்டரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். “தப்பா நினைக்காதீங்க டாக்டர்.”

“ஆனா திருடலைன்னு எப்படிச் சொல்றே?” என்றார் விசில்.

“ஒரு வார்த்தை சாகணும்னா ஒருத்தர் சொல்லணும், மத்தவங்க படம் போடணும், ஊகிக்கணும். குறைஞ்சது மூணு பேர் இல்லாம ஆட்டமே கிடையாது, முதல் பக்கத்துல விதி எழுதியிருக்கு. படத்தைத் திருடினவங்க மூணு பேரா உக்காந்து பொத்தான் நகர்த்தி விளையாடிட்டா இருப்பாங்க? டாக்டர் ஒண்ணு. இன்னும் ரெண்டு பேர் யாரு?”

“பெட்டியைக் கொடுத்தது என் தப்பு” என்றார் லிஃப்ட். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். “ஆனா ரெண்டு பேர் இல்லைங்க. பதினோரு பேர்.”

*

சித்திரம் மெதுவாகப் பேசினாள்.

“திருடியிருந்தாக்கூட தாங்கிக்கலாம் போல இருக்கு. என்னை விட்டுட்டு விளையாடினீங்களா?”

விசிலுக்குச் சுருக்கென்றது. திருட்டைவிடப் பெரிய புகார் இப்போதுதான் வந்திருக்கிறது.

“எங்களுக்குப் பயமா இருந்துச்சுடி” என்றாள் டாக்டர். கண்ணில் தண்ணீர் நின்றது. “நாம நாலு பேரும் எதைப் பாத்தாலும் சிரிப்போம். கடிகாரத்தைப் பாத்தா அண்ணின்னு தெரியும். இது படத்தோட அருமையா, நம்ம பழக்கமா? முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கு இது பிடிக்குமா? நீ கம்பெனில போய் அவமானப்பட்டு வரக் கூடாதுன்னு, செவ்வாய்க்கிழமை பெட்டியை என் கிளினிக்குக் கொண்டு போனோம். காத்திருக்கறவங்களோட விளையாடினோம்.”

“எனக்குச் சொல்லவே இல்லை” என்றாள் அண்ணி, கோபமாக.

“உங்ககிட்ட சொன்னா மைக்குல போட்டுடுவீங்க” என்றார் லிஃப்ட்.

சித்திரம் பெட்டியை மார்போடு இழுத்துக்கொண்டாள். “என்ன சொன்னாங்க?”

டாக்டர் லிஃப்ட்டைப் பார்த்தாள். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர்; உள்ளதைச் சொன்னார்.

“பதினோரு பேர்ல நாலு பேருக்குப் புரியலை. ஒருத்தர் தூங்கிட்டார். மீதி ஆறு பேர், அவங்க நம்பரைக் கூப்பிட்டும் எழுந்து வரலை.”

“பல் டாக்டர் கூப்பிட்டா எவன் எழுந்து வருவான்?” என்றார் விசில்.

“ஒருத்தர் மட்டும் வந்தார்” என்றாள் டாக்டர். “கிரேன் ஓட்டறவர். எங்க வாசல்ல குனிஞ்சுதான் நுழைவார், அவ்வளவு பெரிய உருவம். கடைவாய்ப்பல் அழுகிப்போய் மூணு தடவை வந்தவர், மூணு தடவையும் ரிசப்ஷன்லேர்ந்தே ஓடிட்டார். அன்னிக்கு அவர் கைக்கு யானை வந்துச்சு. ரொம்ப நேரம் பாத்தார். ‘நான்’னு சொல்லிட்டு கவிழ்த்து வெச்சார். திறந்ததும் அத்தனை பேரும் கண்டுபிடிச்சுட்டாங்க. அவருக்கு முட்டை. ஆனா விழுந்து விழுந்து சிரிச்சார். அப்புறம் படத்தை எடுத்து நெஞ்சுல வெச்சுக்கிட்டு, அவரே வந்து நாற்காலில உக்காந்தார். பல்லை எடுத்து முடிக்கிற வரைக்கும் பிடியை விடலை. அப்படியே வீட்டுக்குப் போயிட்டார்.”

“நீ கேக்கலையா?”

“நாலு நாளா போன் பண்றேன். தரவே மாட்டேங்கறார். எப்படியாவது இன்னிக்குள்ள வாங்கிடலாம், உனக்குத் தெரியாமலே பெட்டில வெச்சுடலாம்னு...”

“பல்லைக் கொடுத்துட்டு யானையை வாங்கிட்டுப் போயிருக்கார்” என்றார் விசில். “அவரைப் பொறுத்தவரைக்கும் கணக்கு சரி.”

மருமகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டாக்டரின் போனை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள். “கூப்பிடுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி.”

நாலாவது மணியில் எடுத்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி கனமாக இருந்தது. “டாக்டரம்மா, மறுபடியும் யானையா? கேபின்ல ஒட்டி வெச்சிருக்கேன். தினமும் நூறடி மேலே ஏறி உக்காரறவன் நான். கூட யாராவது இருந்தா நல்லா இருக்குது. தர மாட்டேன்னு சொல்லிட்டேன்ல?”

டாக்டர் பதில் சொல்வதற்குள் சித்திரம் போன் பக்கம் குனிந்தாள்.

“அதை வரைஞ்சது நான்தாங்க.”

அந்தப் பக்கம் ஏதோ ஒரு நாற்காலி முனகியது. பெரிய மனிதர் எழுந்து நின்றிருக்க வேண்டும்.

“நீங்களா?” என்றார். குரல் தணிந்துவிட்டது. “ஒண்ணு கேக்கணும்மா. உங்களுக்கு என்னை எப்படித் தெரியும்?”

சித்திரத்துக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மூன்று வருஷமாக எண்பது படத்தையும் இந்த ஒரு அறைக்குள்ளேயே வைத்திருந்தவள் அவள். மூன்று நண்பர்களைத் தவிர யாருக்கும் காட்டாதவள்.

“உங்களை எனக்குத் தெரியாதுங்க” என்றாள். “நான் என்னைத்தான் வரைஞ்சேன்.”

விசில் மூக்கை உறிஞ்சினார், யாராவது பார்க்கிறார்களா என்றுகூடக் கவலைப்படாமல்.

“நாளைக்குப் பத்து மணிக்கு இதையெல்லாம் பெரிய கம்பெனில காட்டணும்” என்றாள் சித்திரம். “அது இல்லாம முடியாது. ஒரே ஒரு மணி நேரத்துக்குக் கொடுங்க. காட்டிட்டு உங்களுக்கே திருப்பித் தந்துடறேன். சத்தியமா.”

“அங்கே நிறையப் பேர் இருப்பாங்களா?”

“இருப்பாங்க.”

“எல்லாரும் உங்களையே பாப்பாங்களா?”

“ஆமா.”

கனத்த மூச்சு ஒன்று வந்தது. “அப்படின்னா யானையைத் தனியா அனுப்ப மாட்டேன். நானும் வர்றேன். நீங்க பேசும்போது முன்னால நின்னுக்கறேன். எனக்குப் பின்னால யாரும் தெரிய மாட்டாங்க, அவ்வளவு அகலம்.”

சித்திரம் அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்து முடிக்கவே ஒரு நிமிஷம் ஆனது.

“வேண்டாங்க” என்றாள். “பக்கத்துல நில்லுங்க. அது போதும்.”

போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தாள். பெயின்ட் கன்னமெல்லாம் ஒட்டிக்கொண்டது. டாக்டரையும் லிஃப்ட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இருவரும் தீர்ப்புக்குக் காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

“காலைல ஒன்பது மணிக்கு நாலு பேரும் ஒண்ணாப் போறோம்” என்றாள். “லிஃப்ட், நீங்க பெட்டியைத் தூக்கிக்கோங்க. இப்ப நாற்காலியை இப்படி இழுங்க ரெண்டு பேரும். அந்த நாலு பேருக்கு ஏன் புரியலைன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க.”